சிரமதானம்: சொல்லின் இரண்டாம் பாதி

இலங்கைத் தமிழில் அன்றாடம் புழங்கும் சொல் சிரமதானம். கோயில் வீதியில் புல் செருக்குவது, பள்ளிக்கூட வளவைத் துப்புரவாக்குவது, மயானப் பாதைக்கு மண் போடுவது என்று ஊர்கூடிக் கூலியில்லாமல் செய்யும் எந்த வேலைக்கும் இதுதான் பெயர். தமிழகத்து நண்பர் ஒருவர் இதை முதன்முறை கேட்டபோது, "சிரமத்தை எப்படித் தானம் கொடுப்பீர்கள்?" என்றார். அவருக்குச் சிரமம் என்றால் கஷ்டம், தொந்தரவு.

வடமொழியில் 'ஸ்ரம்' என்ற வேருக்கு உழைத்தல், உழைத்துக் களைத்தல் என்று பொருள். தமிழுக்கு வந்தபோது களைப்பு தங்கிவிட்டது, உழைப்பு மெல்ல விலகிவிட்டது. பழைய வழக்கில் சிரமம் என்பது படைக்கலப் பயிற்சியையும் குறித்தது. பயிற்சிக்கூடத்துக்குச் சிரமசாலை என்று பெயர். ஆசிரமமும் இதே வேர்தான். தவத்தில் உடலை வருத்தியவர்களுக்கு வழங்கிய 'சிரமண' என்ற பெயரே தமிழில் சமணர் ஆனது. ஆக, சிரமதானத்தில் வரும் சிரமம் உழைப்பு. தானம் என்பது கொடை.

இந்தியாவில் 1951-இல் பூமிதான இயக்கத்தைத் தொடங்கிய வினோபா பாவே, நிலத்தோடு உழைப்பையும் தானமாகக் கேட்டார். இலங்கையில் இந்தச் சொல் ஊர் ஊராகப் பரவியதற்கு ஏ. ரி. ஆரியரத்தின தொடங்கிய சர்வோதய இயக்கமே பெரிய காரணம். கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியராக இருந்த அவர், 1958-இல் மாணவர்களோடும் சக ஆசிரியர்களோடும் கனத்தொலுவ கிராமத்தில் முகாமிட்டுத் தங்கி வேலை செய்தார். சாதியின் பெயரால் ஒதுக்கிவைக்கப்பட்ட மக்களின் ஊர் அது.

அந்த முகாம்களில் எனக்கு மிகவும் பிடித்தது வேலை அல்ல, பேச்சுமுறை. தானம், இன்சொல், பயன்தரும் செயல், சமநிலை என்ற நான்கும் பௌத்த மரபிலிருந்து விதியாக எடுக்கப்பட்டன. சாதியும் பதவியும் பார்க்காமல் அம்மா, அண்ணா, தங்கச்சி என்று உறவு சொல்லியே அழைத்தார்கள். குடும்பக் கூட்டம் என்று எல்லோரும் ஒன்றாக உட்கார்வார்கள். அதில் யாரும் எழுந்து பேசலாம். தலைமை தாங்கியவர்கள் கையில் மண்வெட்டியும் இருந்தது, வாயில் இன்சொல்லும் இருந்தது. அதனால்தான் வேலை தானமாக நின்றது.

எங்கள் ஊர் வாசிகசாலையில் இரண்டு தலைவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலாமவர் அரைமணி முன்னதாகவே வந்து கடகங்களை எடுத்துவைப்பார், ஆடுகிற மண்வெட்டிப் பிடிக்கு ஆப்பு இறுக்குவார். வாய்க்கால் வெட்டுமுன் முதியவர்களிடம், "வெள்ளம் எந்தப் பக்கத்தால ஓடும், ஐயா?" என்று கேட்பார். தேத்தண்ணீர் வந்தால் கடைசிக் குவளை அவருக்கு. பெடியன்கள் நாங்கள் பகிடியும் பாட்டுமாக மதியம் வரை நிற்போம்.

அடுத்தவர் வரவு பதியும் கொப்பியோடு வந்தார். வராதவர்களின் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். முதல் மாதம் கூட்டம் கூடியது உண்மைதான். அப்புறம் பெயரைப் பதிந்துவிட்டு வேப்ப மர நிழலில் ஒதுங்கத் தொடங்கினார்கள். வாய்க்காலை அவர் காட்டிய பக்கம் வெட்டினோம். மாரியில் வெள்ளம் திரும்பி வாசிகசாலைப் படிக்கே வந்தது. அது அங்கேதான் வரும் என்று முதியவர்களுக்கு முன்னமே தெரியும். ஒருவரும் வாய்திறக்கவில்லை. அந்த மௌனம்தான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

கட்டாய வேலைக்குத் தமிழில் தனிச்சொற்கள் உண்டு. ஊதியமின்றி வாங்கப்படும் வேலை அமஞ்சி. சோழர் கல்வெட்டுகளில் அது வெட்டி. 'வெட்டி வேலை' என்று இன்று நாம் சொல்வதில் அதன் நிழல் இருக்கிறது. இலங்கையில் மன்னர் காலத்திலிருந்து இருந்த இராசகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை, பிரித்தானிய அரசு அமைத்த கோல்புறூக் ஆணைக்குழு பரிந்துரைத்ததையடுத்து 1830-களில் ஒழித்தார்கள். கொப்பித் தலைவரின் காலத்தில் நாங்கள் செய்ததற்கு அமஞ்சி என்ற பெயர்தான் பொருந்தும்.

சரி, நேர்த் தமிழ் என்ன? கூட்டுப்பணி என்பார்கள். அதில் சேர்ந்து செய்வது தெரிகிறது, மனமுவந்து கொடுப்பது தெரியவில்லை; சம்பளத்துக்கும் கூட்டாகப் பணி செய்யலாம். தன்னார்வப் பணி நல்ல சொல், ஆனால் ஒருவர் தனியே செய்வதற்கும் அது பொருந்தும். சிரமதானத்துக்கு ஈடாக நான் எழுதுவது உழைப்புக்கொடை. இரண்டு பாதியும் அதில் பத்திரமாக இருக்கின்றன. பேச்சில் சிரமதானமே இருக்கட்டும்; மக்கள் வாயில் ஊறிய சொல்லைப் பிடுங்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் மாற்றலாம். "சிரமதானம்: அனைவரும் கட்டாயம் சமுகமளிக்கவும்" என்று அறிவித்தல்களில் போடுகிறார்கள். கட்டாயம் என்றதுமே தானம் போய்விடுகிறது. எங்கள் முதல் தலைவரின் அறிவித்தல் இப்படி இருக்கும்: "ஞாயிறு காலை 7 மணி. வரக்கூடியவர்கள் வாருங்கள். மண்வெட்டி இருந்தால் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டாலும் வாருங்கள்."