கையில் பிடிப்பதைச் செய்துகொள்ளுங்கள், காலடியில் வைப்பதைச் செய்யாதீர்கள்

தை பிறந்து இருபது நாள்கூட ஆகவில்லை. அதற்குள், வீட்டில் கிடந்த பொருள்களைக் கொண்டு சாரம் கட்டி ஏறி விழுந்தவர்களைப் பார்க்கப் போவது எனக்கு இது மூன்றாவது முறை. இம்முறை விழுந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். படிக்கட்டுச் சுவரின் மேல் பகுதிக்கு எமல்ஷன் அடிப்பதற்காகக் கூடத்தில் சாப்பாட்டு மேசையைப் போட்டு, அதன்மேல் ஸ்டூலை வைத்து, எதிரே ஐந்தாம் படியில் 20 லிட்டர் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து, இரண்டுக்கும் குறுக்கே பரணில் கிடந்த ஒரு பலகையைப் போட்டு ஏறியிருக்கிறார். மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டோடு உட்கார்ந்துகொண்டு, "நாலடிதான் தம்பி, அதெல்லாம் ஒரு உயரமா?" என்று அவர் கேட்டதனால்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டிலேயே செய்துகொள்ளும் கருவிகளுக்கு நான் எதிரி அல்லன். பனைமட்டையின் நுனியை நைத்து நாராக்கி, அதைக் கொண்டு சுண்ணாம்பு அடித்துத் தொழில் பழகியவன் நான். இன்றும் என் பையில் கடையில் வாங்காத பொருள்கள் பாதி இருக்கும். கூரையின் அடிப்பக்கத்துக்குத் தூரிகையால் அடிக்கும்போது பெயிண்ட் கைப்பிடி வழியாக முழங்கைவரை ஒழுகும் அல்லவா, அதற்குக் கொட்டாங்குச்சியை விடச் சிறந்த மருந்து இல்லை. கண் உள்ள பாதியை எடுத்துக் கண்ணைச் சற்றுப் பெரிதாக்கி, கைப்பிடியை அதில் செருகி, குழிவு மேலே பார்க்கும்படி நிறுத்தினால், சொட்டுவதெல்லாம் அதில் தங்கிவிடும். டின்னின் வாயில் குறுக்கே ஒரு கட்டுக்கம்பியை இழுத்துக் கட்டிவிட்டால் தூரிகையை அதில் வழித்துக்கொள்ளலாம். விளிம்பு பாழாகாது, மூடியும் ஒட்டிக்கொள்ளாது. விளிம்பின் பள்ளத்தில் ஆணியால் நாலைந்து துளை போட்டால் அங்கே தேங்கும் பெயிண்ட் உள்ளேயே வடிந்துவிடும். ஆடை படிந்த பழைய பெயிண்டை வடிகட்டப் பழைய வேட்டித் துணி போதும். மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போதோ இரவு நிறுத்தும்போதோ ரோலரையும் தூரிகையையும் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் சுற்றி வைத்தால் மறுநாள் காலையில் அப்படியே எடுத்து அடிக்கலாம். இரு நிறம் சேரும் கோட்டுக்கு, ஒளி ஊடுருவும் டியூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்து, நீலத்தில் தோய்த்த நூலை இழுத்து அடித்தால் கோணல் வராது.

ஓதம் பார்ப்பதற்கும் கருவி வாங்க வேண்டியதில்லை. ஓரடிச் சதுரமான பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப்பால் அடைத்துச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். உட்புறத்தில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அது காயும்வரை சுவரைச் சமப்படுத்தப் பட்டி பார்ப்பதும் பெயிண்டுக்கு அடியில் பிரைமர் அடிப்பதும் காசைக் கரைப்பதுதான். புதுப் பூச்சாக இருந்தால் 28 நாளாவது விடுங்கள். உப்புப் பூத்து பெயிண்ட் உரிந்த பிறகு கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

இவையெல்லாம் கையில் பிடிப்பவை, சுவரில் ஒட்டுபவை. தவறினால் தரையில் நாலு சொட்டு விழும், அவ்வளவுதான். காலடியில் வைப்பதைத் தாமாகச் செய்துகொள்ளும்போது தவறுவது ஆள்.

அந்த "நாலடிதான்" என்ற பேச்சுக்கு வருகிறேன், ஏனெனில் மூவரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள். பலகை நாலடியில் இருக்கிறது என்றால் உங்கள் கால்தான் நாலடியில் இருக்கிறது; தலை ஒன்பதடிக்கு மேலே இருக்கிறது. கல்லிலோ படிக்கட்டின் விளிம்பிலோ வந்து மோதப்போவது அந்தத் தலை. "சாய்ந்தால் குதித்துவிடலாம்" என்பார்கள். குதிப்பதற்கு எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பது முதலில் தெரிய வேண்டும். ஒரு கையில் டின், மறு கையில் தூரிகை, பார்வை மேலே, மனம் விட்டுப்போன திட்டில் என்று நிற்பவருக்குச் சாய்ந்து முடிந்த பிறகுதான் சாய்ந்தது தெரியும். டின்னை விட்டுவிட்டு எதையாவது பற்றலாம் என்றாலும் கை அதை விடாது. பெயிண்ட் சிந்திவிடுமே என்று இன்னும் இறுக்கிப் பிடிக்கும். இருபத்தைந்து ஆண்டுகளாக இதைப் பார்த்துவருகிறேன். விழுகிற மனிதர் கடைசிவரை காப்பாற்றப் பார்ப்பது டின்னைத்தான். அதிலும் டைல்ஸ் பதித்த தரையில் எமல்ஷன் சொட்டியிருந்தால் குதித்து இறங்கிய காலும் நிற்காது.

பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆசிரியர் விழுந்தது வாளி உடைந்ததால் அல்ல. பலகை ஸ்டூலைத் தாண்டி இரண்டடி நீட்டிக்கொண்டிருந்தது. மூலையில் எட்டாத இடத்துக்காக அந்த நீட்டலில் ஒரு காலை வைத்தார். ஏற்றப்பலகை விளையாட்டைப் போல மறுமுனை எழும்பிவிட்டது. பலகை தாங்கியைத் தாண்டி அரை அடிக்குக் குறையாமலும் ஓர் அடிக்கு மிகாமலும் நீண்டிருக்க வேண்டும், இரு முனையும் கட்டப்பட்டிருக்க வேண்டும். கவிழ்த்த வாளி, அரிசிப் பானை, சக்கரம் வைத்த நாற்காலி, செங்கல் அடுக்கு ஆகியவற்றைத் தாங்கியாக வைப்பவர்களிடம் பேசுவதற்கு எனக்குப் பொறுமை இல்லை.

ஏணி வையுங்கள். சாய்க்கும் ஏணியென்றால் தலை சுவரில் படும் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு அடி தள்ளி இருக்கட்டும். பன்னிரண்டடி உயரத்துக்கு மூன்றடி. விரி ஏணியை முழுக்க விரித்துக் கொக்கியைப் போட்ட பிறகே ஏறுங்கள், உச்சித் தட்டில் நிற்காதீர்கள். இடுப்புக்கு மேற்பட்ட உடம்பு ஏணியின் சட்டத்தைத் தாண்டி வெளியே வந்தால் அடிப்பதை நிறுத்திவிட்டு இறங்கி ஏணியை நகர்த்துங்கள். படிக்கட்டில் விரி ஏணியே ஆகாது. அங்கே சவுக்குக் கம்பில் முறையாகக் கட்டிய சாரம்தான் வேண்டும்.

ஏறாமலே அடிக்கலாம் என்று ரோலரை நீளக் கம்பில் கட்டுகிறார்கள். வீட்டுக்குள் அது நல்ல யோசனைதான். வெளிச்சுவரில், தெருவிலிருந்து மின்கம்பி வீட்டுக்குள் வரும் பக்கத்தில், இரும்புக் குழாயையோ அலுமினியக் குழாயையோ தூக்கிவிடாதீர்கள். மூங்கில்தானே என்றும் நினைக்காதீர்கள். நனைந்த மூங்கில் மின்சாரத்தைக் கடத்தும். அந்தப் பக்கத்துச் சுவரை மின்வாரியத்தாரிடம் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகே தொடுங்கள்.

வீட்டுத் தயாரிப்புகளில் இன்னொன்று, பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும்: தின்னரையும் டர்பன்டைனையும் குளிர்பான பாட்டிலில் ஊற்றி ஜன்னல் திண்டில் வைப்பது. குழந்தைக்கு அது தண்ணீர், தாகத்தோடு வரும் பெரியவருக்கும் அது தண்ணீர். தயவுசெய்து வாங்கிய டின்னிலேயே வைத்திருங்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு மேலே வரும் திரவம் நுரையீரலுக்குள் இறங்கினால் குடித்ததால் வரும் கேட்டை விட அது பெரிய கேடு. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், டின்னையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தின்னரின் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு பரவும். பூஜை அறை விளக்கும் சமையலறை அடுப்பும் எரியும்போது அந்த டின்னைத் திறக்காதீர்கள். லின்சீடு (ஆளிவிதை) எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் யாரும் தீக்குச்சி கிழிக்காமலே அது பற்றிக்கொள்ளும். விரித்துக் காயவிடுங்கள்.

மூக்கில் கைக்குட்டை கட்டுவதும் இந்த வகைதான். பட்டியை உப்புத்தாள் கொண்டு தேய்க்கும்போது எழும் நுண்தூளைத் துணி தடுக்காது. என்95 முகக்கவசம் வாங்குங்கள், ஒரு லிட்டர் பெயிண்டில் சிறு பங்குதான் அதன் விலை. பழைய ஜன்னல் கம்பிகளில் உள்ள எனாமலை உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம், தண்ணீர் தொட்டுத் தேய்த்து, சேற்றை வழித்தெடுத்து அப்புறப்படுத்துங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016இல்தான் வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில், குறிப்பாக மஞ்சளிலும் சிவப்பிலும், எவ்வளவு ஈயம் இருக்கும் என்று அடித்தவருக்கே தெரியாது. தவழும் குழந்தை அந்தத் தூளைக் கையோடு வாய்க்குக் கொண்டுபோகும். சுண்ணாம்பு கலப்பவர்கள் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் தெறித்தால் கசக்காமல் குழாயடியில் பதினைந்து இருபது நிமிடம் விடாது கழுவிவிட்டு அப்படியே மருத்துவரிடம் போங்கள்.

செலவுக்கு அஞ்சித்தான் இவ்வளவும் நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். தரையில் நின்று கைக்கு எட்டும் ஏழடியை நீங்களே அடியுங்கள்; மேற்பகுதிக்கும் படிக்கட்டுக்கும் மட்டும் ஒரு நாள் ஆள் வையுங்கள். பாதி வேலைக்கு யார் வருவார்கள் என்று தயங்குகிறீர்கள். நாங்கள் வருவோம், சாரத்துக்கு வேண்டிய கம்பும் கயிறும் நாங்களே கொண்டுவருவோம். ஆசிரியர் வீட்டுச் சுவருக்கும் வரும் புதன்கிழமை அப்படித்தான் போகிறேன்.