பிறந்தநாள் விழாவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது யார்?

குழந்தைகளுக்கான அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். புது உடையோடும் கன்னத்தில் ஒட்டிய கிரீமோடும் விழா நடந்த இடத்திலிருந்து நேராக இங்கே தூக்கி வரப்படும் குழந்தைகள் உண்டு. கூட வருபவர்கள் பெரும்பாலும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "இத்தனை பேர் இருந்தோம் டாக்டர், யாருமே கவனிக்கலை."

அது உண்மைதான். வீட்டில் அம்மாவும் அப்பாவும் மட்டும் இருக்கும் நாளில், "கொஞ்சம் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் ஒருவர் உள்ளே போவார். முப்பது பேர் கூடிய கூடத்தில் யாரும் யாரிடமும் அப்படிச் சொல்வதில்லை. இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று எல்லோருமே நினைத்துவிடுகிறார்கள். அதனால் விழாவுக்குத் திட்டமிடும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: வரப்போகும் குழந்தைகளில் மிகச் சின்னவருக்கு என்ன வயது? அந்தக் குழந்தையை மனதில் வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு விளையாட்டாக இருக்கும் பொருள் ஒன்றரை வயதுக் குழந்தையின் தொண்டையை அடைத்துவிடும்.

பலூனைப் பற்றிச் சொன்னால் பலரும் நம்ப மாட்டார்கள். ஊதிக் கட்டிய பலூனைவிட, வெடித்தபின் தரையில் கிடக்கும் ரப்பர் துண்டுதான் எனக்குப் பயம். குழந்தை அதை எடுத்து உதட்டில் வைத்து உறிஞ்சும்; பல்லிடுக்கில் குட்டிக் குமிழ் விட்டுப் பார்க்கும். அந்த நேரத்தில் சிரித்தோ ஓடியோ ஒரு மூச்சை வேகமாக இழுத்தால் போதும், துண்டு உள்ளே போய்விடும். கெட்டியான பொருள் சிக்கினால் சில சமயம் ஓரத்தில் கொஞ்சம் காற்றுப் போக வழி இருக்கும். ஈரமான ரப்பரோ மூச்சுக்குழாயின் வடிவத்துக்கே வளைந்து படிந்து, வழியை முழுவதுமாக மூடிவிடும். முதுகில் தட்டினாலும் எளிதில் வெளியே வராது. அமெரிக்காவில் 1994-இல் வந்த சட்டப்படி, ஊதாத பலூனோ உடைந்த பலூனோ 8 வயதுக்குட்பட்டவர்களுக்கு மூச்சடைப்பை உண்டாக்கும் என்ற எச்சரிக்கை பாக்கெட்டிலேயே இருக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கு மட்டும்தான் ஆபத்து என்று நினைப்பவர்கள் அந்த 8 என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும்.

பலூனைப் பெரியவர்களே ஊதட்டும். வெடித்தவுடன் துண்டுகளைப் பொறுக்க ஓர் ஆள் வேண்டும். விழா முடிவில் எல்லாப் பலூன்களையும் குழந்தைகளை விட்டு உடைக்கச் செய்யும் விளையாட்டு, சின்னக் குழந்தைகள் இருக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

மேலே மிதக்கும் பலூன் வாங்கினால் உள்ளே என்ன வாயு என்று கேளுங்கள். ஹீலியம் எரியாது. விலை குறைவு என்பதற்காக ஹைட்ரஜன் நிரப்பித் தருபவர்கள் உண்டு. காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை ஹைட்ரஜன் கலந்தாலே ஒரு பொறிக்கு அது தீப்பிடித்துவிடும். கொத்தாகக் கட்டிய பலூன்கள் மெழுகுவத்தியின் பக்கத்தில் வந்தால், அடியில் நிற்பவர்களின் முகமும் கையும்தான் முதலில் வேகும். ஹீலியம் என்றாலும், குரல் மாறுகிறதா என்று பார்ப்பதற்காகச் சிலிண்டரில் வாய் வைக்க யாரையும் விடாதீர்கள். அந்த அழுத்தத்தில் நுரையீரல் கிழியலாம். ஆக்சிஜன் கிடைக்காமல் சில நொடிகளிலேயே நினைவு தப்பலாம்.

அடுத்தது கேக் வெட்டும் நேரம். எல்லாக் கண்களும் செல்போன் திரையில் இருக்கும். மேஜையைச் சுற்றி வலைத்துணிக் கவுன் போட்ட குழந்தைகள் முண்டியடித்து நிற்பார்கள். சரியாக அப்போதுதான் ஒருவர் ஸ்னோ ஸ்ப்ரேயை அடிப்பார். அந்த டப்பாவிலிருந்து நுரையை வெளியே தள்ளுவது பல சமயம் பியூட்டேன், புரோப்பேன் போன்ற வாயுக்கள். சமையல் கேஸில் இருப்பவையும் இவைதான். எரியும் மெழுகுவத்தியின் மேல் பட்டால் நுரை தீச்சுவாலையாகத் திரும்பும். செயற்கை இழைத் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். என்னைக் கேட்டால், வீட்டுக்குள் ஸ்ப்ரே கூடாது, அவ்வளவுதான். தீப்பொறி கக்கும் மெழுகுவத்தியும் மத்தாப்பும் குழந்தையின் கை எட்டும் தூரத்தில் வேண்டாம். மத்தாப்புக் கம்பியின் நுனி 1,000 டிகிரி செல்சியசைத் தாண்டும்.

தீக்காயம் பட்டுவிட்டால், ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டி, பற்பசை, வெண்ணெய் எதுவும் வேண்டாம். ஒட்டாத துணியையும் வளையல், மோதிரத்தையும் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். அப்புறம், பிறந்தநாள் குழந்தையின் முகத்தைக் கேக்கில் அழுத்துவதை விட்டுவிடுங்கள். அடுக்குக் கேக் சரியாமல் இருக்க உள்ளே குச்சி செருகியிருப்பார்கள். அது கண்ணருகே குத்தலாம்.

இனி எல்லோரும் கவனிக்கத் தவறும் ஒன்று. பாட்டுப் பாடும் மெழுகுவத்தி, மினுங்கும் பலூன் விளக்கு, வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தனுப்பும் ஒளிரும் மோதிரம் போன்ற பலவற்றுக்குள்ளும் இருப்பது, சட்டைப் பொத்தான்போல் வட்டமாகத் தட்டையாக இருக்கும் பட்டன் பேட்டரி. அது உணவுக்குழாயில் சிக்கினால் அங்குள்ள ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து, காரப்பொருள் (ஆல்கலி) உருவாகி, திசுவை அரிக்கத் தொடங்கும். 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் ஆகிவிடும். பொம்மையில் வேலை செய்யாமல் போன பழைய பேட்டரியிலும் அதற்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும். குழந்தை விழுங்கியதை யாரும் பார்த்திருக்காவிட்டால், எச்சில் வடிவது, சாப்பிட மறுப்பது, இருமல் என்று சாதாரண சளிபோலவே தெரியும்.

சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே எடுக்கக் கிளம்பிவிடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரம் ஆகாமல், சிரமமின்றி விழுங்க முடிகிறது என்றால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். ஆறு முறைக்கு மேல் வேண்டாம். தேன் அரிப்பின் வேகத்தைக் குறைக்கும். ஆனால் தேன் தேடுவதற்காக ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

சாப்பாட்டில், முழுத் திராட்சை, கொட்டைகள், பாப்கார்ன், கெட்டி மிட்டாய் ஆகியவற்றைச் சின்னக் குழந்தைகளின் தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுக்கலாம். யாருக்கு எந்த உணவு ஒவ்வாது என்பதை அழைக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். "கொஞ்சமாகத்தானே கொடுத்தோம்" என்பது ஒவ்வாமைக்குப் பொருந்தாது. சாப்பிட்டதும் உதடு வீங்கி, உடம்பு தடித்து, மூச்சு இரைத்தால் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

சரி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது யார் என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டு மூன்று பெரியவர்கள் முறை வைத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருவர். அவர் கையில் செல்போன் கூடாது, பரிமாறும் வேலையும் கூடாது. முறை மாறும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இனி நீங்க" என்று வாயால் சொல்ல வேண்டும். கேக் வெட்டும்போதும் அவர் கண் குழந்தைகள் மேலேயே இருக்கட்டும். தண்ணீர் விளையாட்டு இருந்தால் அங்கே தனியாக இன்னொருவர் வேண்டும்.

அவர்களில் ஒருவருக்காவது முதலுதவி தெரிந்திருப்பது நல்லது. மூச்சு முழுவதும் அடைபட்ட குழந்தையால் அழவோ இருமவோ முடியாது, சத்தமே வராது. முன்பக்கம் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 முறை பலமாகத் தட்ட வேண்டும். அடைப்பு விலகாவிட்டால் தொப்புளுக்குச் சற்று மேலே 5 முறை உள்நோக்கி மேலாக அழுத்த வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றில் அழுத்தக் கூடாது. நெஞ்சின் நடுவே அழுத்த வேண்டும். இதையே மாற்றி மாற்றிச் செய்தபடி ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விடாதீர்கள். இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

விருந்தினர் போனபின், தவழும் குழந்தையைக் கீழே விடுவதற்கு முன் தரையைக் கூட்டிவிடுங்கள். சோபாவுக்கு அடியிலும் பாருங்கள். பரிசுப் பொம்மைகளைக் கொடுக்கும் முன் பேட்டரி மூடியைத் திருப்பிப் பார்த்து, ஸ்க்ரூ இல்லாமல் நகத்தாலேயே திறக்க முடிகிறவற்றை எடுத்து உயரத்தில் வைத்துவிடுங்கள்.