தோட்டத்தில் காசுப் பானை கிடைத்தால் யாருக்குச் சொந்தம்?

நம் பக்கத்துப் பழைய கிரயப் பத்திரங்களில் "நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் உள்பட" என்றொரு வரி வரும்; அதாவது புதையல், புதைத்துவைத்த பொருள், நீர், மரம், கல் எல்லாம் நிலத்தோடு சேர்ந்தது என்று. அதை நம்பி, ஏற்காட்டில் மிளகுக்கொடிக்குக் குழி வெட்டும்போது புதையல் வந்தால் முழுக்கத் தனக்குத்தான் என்று நினைக்கும் தோட்ட உரிமையாளர்கள் உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணிலோ மண்ணோடு சேர்ந்த கட்டடத்திலோ மறைந்திருந்த மதிப்புள்ள எதுவும் புதையல்தான். ஆட்சியர் அதை உரிமையாளர் இல்லாதது என்று அறிவித்தால், முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு இடத்துக்காரருக்கு. இருவரும் வேறு விதமாக ஒத்துக்கொண்டால் அதன்படி. இடத்துக்காரர் என்று யாரும் உரிமை கோராவிட்டால் முழுவதும் கண்டெடுத்தவருக்கே. பத்திரத்திலுள்ள அந்த வரியை வைத்துக் கண்டெடுத்தவரின் முக்கால் பங்கைத் தட்டிப் பறிக்க முடியாது.

ஆனால் அந்தப் பங்கு நிற்பது ஒரு கடிதத்தில்தான். மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே (1878-இல் பெரிய தொகை, இன்று ஒரு செப்புக்காசே தாண்டிவிடும்) கூடிய விரைவில் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன கிடைத்தது, எவ்வளவு அல்லது தோராய மதிப்பு, எந்த இடம், எந்தத் தேதி: இவ்வளவும் மனுவில் இருக்க வேண்டும். சர்வே எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். வி.ஏ.ஓ.விடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள், ஒரு நகலைத் தாசில்தாருக்கும் கொடுங்கள். பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் ஆட்சியர் கேட்கும் பிணை கொடுக்க வேண்டும். ஒப்படைக்கும் முன் சாட்சி வைத்து எண்ணி, எடை போட்டு, இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. பின்னால் எண்ணிக்கை குறைந்தால் பேச அதுதான் ஆதாரம்.

கெடுவது பெரும்பாலும் முதல் நாளிலேயே. புளி போட்டுத் தேய்ப்பார்கள். வெள்ளி, செப்புக் காசில் எழுத்து மழுங்கிப்போகும். வீரராயன் பணம் போன்ற சின்னத் தங்கக் காசு நெற்றிப்பொட்டு அளவுதான், அரை கிராம்கூட இருக்காது; மண்ணை அள்ளி வெளியே கொட்டினால் அதோடு போய்விடும். பானை உடைந்தாலும் ஓடுகளை எறியாதீர்கள், காலம் கணிக்க அவையும் உதவும். இன்னொன்று, சேலத்தில் நகைப் பட்டறைக்குப் பஞ்சமில்லை, உருக்கிவிடலாம் என்ற ஆசை. தகவல் கொடுக்காமல் மறைத்தாலோ, உருமாற்றி அடையாளத்தை மறைத்தாலோ, கண்டெடுத்தவரின் பங்கு அரசுக்குப் போகும்; ஓராண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். உடந்தையாக இருக்கும் இடத்துக்காரருக்கும் பங்கு போவதோடு ஆறு மாதம் வரை சிறை உண்டு.

மனு கொடுத்த கையோடு எதுவும் கிடைத்துவிடாது. ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு, அதிலிருந்து 4 மாதத்துக்கு முன்னால் இல்லாமல், 6 மாதத்துக்குள் ஒரு விசாரணை நாள் குறிப்பார். அன்று ஆஜராகாவிட்டால் உரிமை போய்விடும். 100 ஆண்டுக்குள் தன் முன்னோர் புதைத்தது என்று யாராவது வந்து, அதை நம்பக் காரணமும் இருந்தால், விவகாரம் சிவில் கோர்ட்டுக்குப் போகும்.

அரசு தானே எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் உண்டு. அப்போது உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் தரும். தங்கத்தின் மதிப்பு 10 லட்சம் என்றால் 12 லட்சம்: கண்டெடுத்தவருக்கு 9, இடத்துக்காரருக்கு 3. அரிய காசுக்குச் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலை இந்தக் கணக்கில் வராது. செப்புக்காசு கண்டெடுத்தவருக்கு இது வயிற்றெரிச்சல்தான், அந்த வயிற்றெரிச்சல் நியாயமும்கூட.

மூழ்கிய கப்பலின் காசு கடலோரத்தில் ஒதுங்கினால் அது வேறு கதை, கப்பல் சட்டம் பார்க்கும். காசே உங்கள் கைக்குத் திரும்பி வந்தால், 100 ஆண்டு பழையது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வைத்துக்கொள்ளலாம். அதை வியாபாரமாகச் செய்ய உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, கூரியரில் ஒரே ஒரு காசு என்றாலும்.