பாலே பாவாடை ஏன் அவ்வளவு எளிதில் எரிந்தது?

1832 மார்ச் 12 அன்று பாரிஸ் ஓபராவில் ‘லா சில்ஃபீட்’ என்ற பாலே நடன நாடகம் முதன்முறையாக மேடையேறியது. அதில் நாயகியாக ஆடிய மரீ டாக்லியோனி அணிந்த உடை, அந்த ஊர்ப் பெண்கள் இரவு விருந்துகளுக்கு உடுத்திப் போனதிலிருந்து பெரிதாக விலகியதல்ல. தோள் தெரியும் இறுக்கமான மேலாடை, ஒடுங்கிய இடுப்பு, அங்கிருந்து மணி வடிவில் விரியும் பாவாடை எல்லாமே அன்றைய ஃபேஷன்தான். விரல் நுனியில் அவர் நிற்பது தெரிய வேண்டும் என்பதால் பாவாடை கெண்டைக்காலோடு நின்றது. அப்புறம், உடை முழுக்க வெள்ளை. ஓவியர் யூஜின் லாமி வடிவமைத்ததாகச் சொல்லப்படும் இந்த உடையைத்தான் அடுத்த ஐம்பது வருடம் ஐரோப்பா முழுவதும் நடனக் கலைஞர்கள் உடுத்தினார்கள்.

டாக்லியோனி ஏற்ற வேடம் காற்றில் வாழும் ஒரு தேவதை. அவர் உடம்புக்கு எடையே இல்லை என்று பார்ப்பவர்கள் நம்ப வேண்டும். அவருடைய கடும் பயிற்சி அதில் பாதியைச் செய்தது. மீதியைச் செய்தவை பருத்தியும் கஞ்சியும் விளக்கும்.

முதலில் பருத்தி. மெல்லிய மஸ்லினுக்கு உலகெங்கும் பேர் போனது டாக்கா. அங்கே கையால் நூற்று, கையால் நெய்த துணி அது. 19ஆம் நூற்றாண்டு பிறந்தபோது லங்காஷயர், ஸ்காட்லாந்து ஆலைகள் அதன் சாயலில் மலிவான துணியை இயந்திரத்தில் நெய்யத் தொடங்கிவிட்டன. 1799இல் கிளாஸ்கோவில் சார்லஸ் டெனன்ட் சலவைத்தூளுக்குக் காப்புரிமை பெற்றார். வாரக்கணக்கில் புல்வெளியில் வெயிலில் விரித்து வெளுத்த துணியை இப்போது குளோரினைக் கொண்டு சீக்கிரமே வெளுத்துவிடலாம். அப்பழுக்கில்லாத வெள்ளைத் துணி சாதாரணக் கடைச் சரக்காகிவிட்டது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்தைய பெண்கள் கிரேக்கச் சிலைகளைப் பார்த்து வெள்ளை மஸ்லின் கவுன்களை உடுத்தினார்கள். அந்த ரசனையைத்தான் பாலே எடுத்துக்கொண்டது.

மேடைக்கு மிகவும் தோதாக அமைந்தது டார்லட்டன் என்ற பருத்தித் துணி. இதில் நூலுக்கும் நூலுக்கும் நடுவே தாராளமாக இடைவெளி விட்டு நெய்திருப்பார்கள். அப்படியே விட்டால் அது துவண்டு தொங்கும். அதனால் நிறையக் கஞ்சி போட்டார்கள். மாவுச்சத்தைத் தண்ணீரில் காய்ச்சும்போது அதன் மணிகள் உப்பி வெடித்து, உள்ளே இருக்கும் நீளமான மூலக்கூறுகள் வெளியே வருகின்றன. துணி காய்ந்ததும் ஊடும் பாவும் சந்திக்கும் ஒவ்வொரு இடத்தையும் அவை ஒட்டிப் பிடித்துக்கொள்கின்றன. நூல் நகர முடியாது. எடை ஏறக்குறைய அதேதான், ஆனால் துணி ஒரு சட்டகமாக விறைத்து நிற்கிறது.

இப்படிப் பல அடுக்குகள். நடனக்காரர் எகிறிக் குதித்து இறங்கும்போது உடம்பு புவியீர்ப்பின் வேகத்தில் கீழே வரும். பரப்பு பெரியதாகவும் எடை மிகக் குறைவாகவும் உள்ள துணியைக் காற்று தாங்கிப் பிடிக்கும். பாவாடை கொஞ்சம் தாமதமாக இறங்கும். நம் கண் பின்தொடர்வது மேடையில் மிகப் பெரிதாகவும் வெள்ளையாகவும் தெரியும் வடிவத்தைத்தான். எனவே ஆள் இன்னும் மேலேயே இருப்பதாகத் தோன்றும். கஞ்சிக்கு ஒரு பலவீனம் உண்டு: ஈரம் பட்டால் இளகிவிடும். வியர்வையில் பாவாடை தொய்யும், உட்கார்ந்தால் நசுங்கும். அதனால் மேடைக்குப் போகும்முன் கையால் உதறி விரித்துவிட்டுப் போவது எல்லோருக்கும் பழக்கமாக இருந்தது.

இனி விளக்கு. பாரிஸில் லெ பெல்திய தெருவில் இருந்த அதே ஓபரா அரங்கில் 1822இலேயே காஸ் விளக்கு வந்துவிட்டது. மெழுகுவர்த்தியையும் எண்ணெய் விளக்கையும் விட வெளிச்சம் அதிகம். அதைவிட முக்கியம், குழாயைத் திருகி வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மேடையில் நிலா வெளிச்சத்தை வரவழைத்தது இந்த வசதிதான். மெல்லிய வெள்ளைத் துணியின் முதல் அடுக்கில் விழும் ஒளியில் கொஞ்சம் சிதறித் திரும்பும், மிச்சம் ஊடுருவி அடுத்த அடுக்கில் போய்ச் சிதறும். பாவாடையின் உள்ளேயிருந்தே வெளிச்சம் வருவதாகத் தெரியும். கனத்த பட்டில் இது நடக்காது.

ஆனால் அந்த விளக்குகள் மேடையின் முன்விளிம்பிலும் பக்கத் தட்டிகளின் நடுவிலும் பெரும்பாலும் திறந்த சுடர்களாக எரிந்தன.

பருத்தி என்பது செல்லுலோஸ். அதை ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் மூலக்கூறுகள் உடைந்து எரியக்கூடிய ஆவிகள் வெளிவரும். சுடராக எரிவது அந்த ஆவிகள்தான். பெரிய விறகுக்கட்டையில் தீ பிடிக்க நேரமாகும், அதிலிருந்து உரித்த சிராய் உடனே பற்றிக்கொள்ளும். டார்லட்டன் சிராயைவிட மெல்லியது. சூடேற்ற வேண்டிய பொருளே அதில் குறைவு, ஒவ்வொரு நூலைச் சுற்றியும் காற்று. சூடான வாயு மேல்நோக்கிப் போவதால் பாவாடையின் கீழ் ஓரத்தில் பிடிக்கும் தீ மேலே இருக்கும் துணியை முன்கூட்டியே காய்ச்சிவிடும். அடுக்குகளுக்கு நடுவே கஞ்சி காப்பாற்றி வைத்த இடைவெளியோ புகைபோக்கியின் வேலையைச் செய்யும். எந்தக் குணங்கள் பாவாடையை மிதக்க வைத்தனவோ, அதே குணங்கள்தான் அதை எரியவும் வைத்தன.

1844 டிசம்பரில் லண்டன் டிரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டரின் உடை விளக்கில் பற்றியது. கூட ஆடியவர்களும் அதே துணியை உடுத்தியிருந்ததால் அவர்களால் நெருங்க முடியவில்லை. சில நாளில் அவர் இறந்தார். 1861இல் பிலடெல்பியாவில் ஒரு நடனக்காரரின் உடையில் பிடித்த தீ, உதவ ஓடிவந்தவர்களுக்கும் தாவி, குறைந்தது ஆறு பேரைக் கொன்றது. மேடைக்கு வெளியிலும் இதே கதைதான். 1856க்குப் பிறகு வந்த கிரினோலின் என்ற எஃகு வளைய உள்பாவாடை, மேல்பாவாடையை உடம்பிலிருந்து வெகுதூரம் தள்ளி நிறுத்தியது. கணப்பு அடுப்புக்கு எவ்வளவு அருகில் தன் துணி இருக்கிறது என்பதே உடுத்தியவருக்குத் தெரியாது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. 1821இலேயே பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக், அம்மோனியம் பாஸ்பேட், அம்மோனியம் குளோரைடு, வெண்காரம் ஆகியவற்றில் நனைத்த துணி எளிதில் எரியாது என்று காட்டியிருந்தார். சூட்டில் அம்மோனியம் பாஸ்பேட் சிதைந்து பாஸ்பாரிக் அமிலம் உருவாகும். அது செல்லுலோஸிலிருந்து நீரைப் பிரித்தெடுத்துவிட, எரியும் ஆவிக்குப் பதில் கரியே மிஞ்சும். வெண்காரம் உருகிக் கண்ணாடிப் படலமாக நூலை மூடிக்கொள்ளும். 1859இல் பிரெஞ்சு அரசு, மேடைத் திரைகளும் உடைகளும் கார்தரோன் என்பவரின் முறைப்படி உப்புக் கரைசலில் நனைக்கப்பட வேண்டும் என்று ஆணையிட்டது.

அந்த உப்பு துணியில் ஏறினால் எடை கூடும். வெள்ளை மங்கிப் பழுப்பாகும். துணி முரட்டுத்தனமாகும். டாக்லியோனி காலத்திலிருந்து ஒரு பாவாடையிடம் எதிர்பார்த்தது அத்தனையும் போய்விடும்.

டாக்லியோனியின் மாணவி எம்மா லிவ்ரி. அவருக்காகவே டாக்லியோனி 1860இல் ‘லெ பாப்பியோன்’ என்ற பாலேயை அமைத்தார், இசை ஓஃபன்பாக். தன் வழக்கமான பாவாடையிலேயே ஆடுவேன், என்ன நடந்தாலும் பொறுப்பு என்னுடையது என்று லிவ்ரி ஓபரா இயக்குநருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். 1862 நவம்பர் 15, ஒத்திகை. மேடைக்குள் நுழையும்முன் பாவாடையை உதறி விரித்தார். எழுந்த காற்றில் அருகிலிருந்த காஸ் சுடர் துணியைத் தொட்டது. எரிந்துகொண்டே மேடையில் ஓடியவரைத் தீயணைப்பு வீரர் ஒருவர் கம்பளியால் சுற்றிப் பிடித்தார். எட்டு மாதம் வேதனைப்பட்டு 1863 ஜூலையில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 20.

அழகுக்கு ஆசைப்பட்டு உயிரைவிட்டார் என்று இவரைப் பற்றி எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். மிதப்பதாகத் தெரிவதற்காகத்தான் அவருக்குச் சம்பளம். பாவாடை தொய்ந்தால் கைதட்டல் குறையும், வேடம் இன்னொருவருக்குப் போகும். அந்தச் சந்தையில் பாதுகாப்பைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை இருபது வயதுப் பெண்ணின் தலையில் கட்டியது நியாயமே இல்லை.

பிரச்சினை தீர்ந்தது வேறு வழியில். லண்டன் சவாய் அரங்கில் 1881இல் மின்விளக்கு வந்தது, மற்ற அரங்குகளும் பின்தொடர்ந்தன, திறந்த சுடர் மேடையை விட்டுப் போனது. அதே காலத்தில் இத்தாலிய நடனக்காரர்களின் வேகமான கால்வேலை தெரிவதற்காகப் பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறியது. அவர்களில் ஒருவரான பியரீனா லென்யானி 1895இல் ‘சுவான் லேக்’கில் ஒற்றைக்காலில் 32 சுற்று சுற்றியபோது தெருவில் போன பெண்களின் பாவாடை இன்னும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஃபேஷனும் பாலேயும் அங்கே பிரிந்துவிட்டன.

இன்றைய டூட்டுவில், அதாவது பாலே பாவாடையில், பெரும்பாலும் நைலான் நெட் துணிதான். அதற்குக் கஞ்சி வேண்டாம், வியர்வைக்கும் தளராது. பல டூட்டுகளில் மெல்லிய எஃகு வளையம் ஒன்றும் உள்ளே ஓடும். தீ பட்டால் நைலான் முதலில் உருகும். மேடையின் பருத்தித் திரைகளுக்கு மட்டும் பாஸ்பேட், வெண்காரம் போன்ற உப்புகள் இன்றும் தேவைப்படுகின்றன. தண்ணீரில் துவைத்தால் அவை கரைந்து போய்விடும், மறுபடி ஏற்ற வேண்டும்.