இன்-பிளேஸ்: அதே இடத்திலா, அதே பெயரிலா?

நூறு கோப்புகளில் 2024 என்று இருப்பதை 2025 ஆக்க வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த யாருக்குப் பொறுமை? கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையத்தில், உரையைத் திருத்தும் செட் (sed) நிரலை ‘செட் -ஐ’ என்று தொடங்கி, ‘எஸ்/2024/2025/ஜி’ என்ற கட்டளையையும் கோப்புப் பெயர்களையும் சேர்த்தால் ஒரே வரியில் வேலை முடிந்தது. அந்த ‘ஐ’தான் இன்-பிளேஸ் (in-place), அதாவது இருக்கும் இடத்திலேயே திருத்துவது. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

‘பிளேஸ்’ என்ற சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. அங்கே அகலமான தெருவுக்குப் பெயர் ‘பிளாட்டேயா’. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சேர்வதற்குள் தெரு வெறும் இடமாகிவிட்டது.

செட் நிரலை 1970களில் பெல் ஆய்வகத்தில் எழுதியவர் லீ மக்மஹோன். ‘ஸ்ட்ரீம் எடிட்டர்’ என்பதன் சுருக்கம் அது. ஓடைத் திருத்தி எனலாம். ஒரு பக்கம் வரிகள் வரும், மறுபக்கம் திருத்திய வரிகள் போகும், மூலக் கோப்பு அப்படியே கிடக்கும். சரி, வெளியீட்டை அதே கோப்புக்குத் திருப்பிவிட்டால் என்ன? நானும் ஒருமுறை அப்படிச் செய்து பூஜ்ஜியம் பைட் கோப்பை வெறித்துப் பார்த்திருக்கிறேன். செட் படிக்கத் தொடங்கும் முன்பே, நம் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் அந்தக் கோப்பைத் துடைத்துவிடுகிறது.

‘-ஐ’ இதற்கான மருந்து. ஆனால் குனூ செட் (குனூ திட்டத்தின் செட் பதிப்பு) அதே இடத்தில் எதையும் திருத்துவதில்லை. தற்காலிகக் கோப்பு ஒன்றில் எழுதி, கடைசியில் அதற்குப் பழைய பெயரைச் சூட்டிவிடுகிறது. ‘எல்எஸ் -ஐ’ கொடுத்து முன்னும் பின்னும் பாருங்கள் (இந்த ‘ஐ’ வேறு, கோப்பின் அடையாள எண்ணான ஐநோடுக்கு உரியது): எண் மாறியிருக்கும். பெயர் பழசு, கோப்பு புதுசு. ஹார்டு லிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) போட்டு வைத்திருந்தால், அந்த இன்னொரு பெயரில் பழைய உள்ளடக்கமே நிற்கும்.

இப்போது தமிழுக்கு வருவோம். ‘இடத்திருத்தம்’ என்றால் இடத்தைத் திருத்துவது போல ஒலிக்கிறது. ‘உள்ளிடத் திருத்தம்’ உள்ளீட்டோடு குழம்பும். கோப்புகளுக்கு என் தேர்வு ‘அதே பெயரில் திருத்தல்’. நீளம்தான், ஆனால் நடப்பதைச் சொல்கிறது. ஹீப் சார்ட் போன்ற வரிசைப்படுத்தும் முறைகளையும் இன்-பிளேஸ் என்கிறார்கள். அங்கே தரவு உண்மையிலேயே அதே அணிக்குள் (array) இடம் மாறிக்கொள்கிறது. அதற்கு ‘இருந்த இடத்திலேயே’ என்பது கச்சிதமாகப் பொருந்தும்.