மணலில் தட்டினால் எழுதி வையுங்கள்

புதுச்சேரியில் பாய்மரப் படகுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். சொந்தமாகப் படகு வைத்திருப்பவர் ஒரு கீறல் விழுந்தாலும் அன்று ராத்திரியே போன் செய்துவிடுவார். பாய்மரப் படகுச் சங்கத்துப் பொதுப் படகில் விழுந்த கீறல் என் காதுக்கு வர மூன்று மாதம் ஆகும். அதற்குள் நாலு உறுப்பினர்கள் அந்தப் படகைக் கடலுக்குக் கொண்டுபோய் வந்திருப்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஜனவரி காலை. பிள்ளைகளோடு கிளம்பத் தயாராக இருந்த ஓர் உறுப்பினர், படகின் அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். உள்ளே நாலு விரல் தண்ணீர். "மழைத் தண்ணிதானே அண்ணே?" என்றார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. அன்றைக்கு அவர் கிளம்பவில்லை. பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், அது வேறு கதை.

இந்த வகைப் படகுக்கு அடியில் மீனின் துடுப்பைப் போல ஒரு கனத்த இரும்பு அல்லது ஈயத் தகடு தொங்கும். கீல் என்போம். உலகெங்கும் சங்கங்களில் ஓடும் ஜே-24 படகையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த எடை சுமார் 1,400 கிலோ. அதில் 430 கிலோவுக்குக் கிட்டே அந்தக் கீலில்தான் இருக்கிறது. தண்ணீருக்குள் 1.22 மீட்டர் இறங்கி நிற்கும். காற்று படகைச் சாய்க்கும்போது திரும்ப நிமிர்த்துவது இந்தக் கனம்தான். இத்தனை கனத்தையும் படகோடு பிடித்துவைத்திருப்பவை சில போல்ட்டுகள்.

ஓடுகிற வேகத்தில் கீலின் நுனி மணலில் முட்டினால் நுனி நின்றுவிடும், படகு நிற்காது. அப்போது கீலின் முன்பக்கம் படகிலிருந்து பிய்த்துக்கொள்ளப் பார்க்கும், பின்பக்கம் படகின் அடியை மேல்நோக்கிக் குத்தும். வெளியில் முன்பக்க இணைப்பில் மயிரிழை போல ஒரு கோடுதான் தெரியும். அடி வாங்கிய இடமோ உள்ளே, பின்பக்கம், பலகைக்குக் கீழே மறைந்திருக்கும். "லேசாத்தான் தேய்ச்சது" என்று சொல்பவர் பொய் சொல்வதில்லை. மேலே உட்கார்ந்திருப்பவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

2014 மே மாதம் 'சீக்கி ரஃபிகி' என்ற பிரிட்டிஷ் படகு அட்லாண்டிக் நடுவில் கீல் கழன்று கவிழ்ந்தது. அதில் இருந்த நாலு பேரும் திரும்பவில்லை. முன்பு பலமுறை தரைதட்டியதும், அப்புறம் செய்த பழுதுவேலைகளும் சேர்ந்து படகின் அடிக்கட்டைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. அதுவும் பலர் கைமாறி ஓட்டிய வாடகைப் படகுதான்.

நம் ஊரில் தரைதட்டுவதற்குத் தேடிப் போக வேண்டியதில்லை, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரம் இருக்கிறது. மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். போன மாதம் ஆழமாக இருந்த இடம் இந்த மாதம் மேடாகியிருக்கும். முன்னால் ஒரு பைபர் படகு சரசரவென்று போகிறதே என்று அதன் பின்னாலேயே போவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு. அதற்கு முழங்கால் தண்ணீர் போதும், நமக்கு மார்பளவு வேண்டும். மாட்டிக்கொண்டால் ஓதம் ஏறித் தூக்கிவிடும் என்றும் காத்திருக்க முடியாது. இங்கே ஏற்ற இறக்கமே ஒரு மீட்டருக்குள்தான்.

சங்கங்களின் விதித்தாள்களில் படகை யார் எடுக்கலாம், எத்தனை பேர் ஏறலாம், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்றெல்லாம் நன்றாகவே எழுதியிருக்கும். ஒரே குறை, "ஆறு மணிக்குள்" என்று போட்டிருப்பார்கள். நவம்பர் கடைசியில் 5.40 வாக்கில் சூரியன் விழுந்துவிடும். "இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்" என்று மாற்றிவிடுங்கள். லைஃப் ஜாக்கெட்டை ஏறுகிற தலைகளை எண்ணி எடுங்கள், பதிவுப் புத்தகத்தைப் பார்த்து அல்ல. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியிருந்தால் சாவியைக் கேட்கவே வராதீர்கள். கடலோரக் காவல்படையின் 1554 எண் எல்லார் போனிலும் இருக்கட்டும்.

வலை விஷயம் கொஞ்சம் நாசூக்கானது. வீராம்பட்டினத்துக்கு நேரே வெளியே போனால் மிதவைகள் தெரியும், சில சமயம் தெரியாமலும் போகும். கீலில் வலை சிக்கினால் உடனே பாயை இறக்குங்கள். இழுவிசை போனதும் பாதிக்குப் பாதி தானாகவே நழுவிவிடும். கத்தியை எடுக்காதீர்கள். அந்த வலை ஒரு குடும்பத்தின் முதல். அறுக்காமல் தீராது என்றால், கரைக்கு வந்ததும் அவர்களைத் தேடிப் போய்ச் சொல்லிப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள். அதே ஆட்கள்தான் நாளைக்கு மணலில் சிக்கிய உங்களைக் கயிறு போட்டு இழுக்க வருவார்கள்.

இனி, நான் நிர்வாகக் குழுக்களோடு சண்டை போடும் இடம். "சேதம் தெரிவித்தால் முன்பணத்தில் கழிக்கப்படும்" என்று ஒரு சங்கம் எழுதி வைத்திருந்தது. அந்த வரி வந்தபின் படகு நோட்டில் சேதம் என்று ஒரு எழுத்துகூட விழவில்லை. படகுகள் அடிபடுவது மட்டும் நிற்கவில்லை. ஜனவரி உப்புத் தண்ணீரும் அந்தச் சங்கத்துப் படகில்தான். தட்டியவர் பிறகு தனியாக வந்து என்னிடம் ஒப்புக்கொண்டார். அக்டோபரிலேயே நடந்ததாம். அன்றைக்கே சொல்லியிருந்தால் போல்ட்டைச் சோதித்து இணைப்பைப் பூசுகிற வேலையோடு போயிருக்கும். மூன்று மாதம் ஓடியதில் அடிக்கட்டையே திறக்க வேண்டியதாயிற்று. படகு அந்தப் பருவம் முழுக்க என் கொட்டகையில்தான் கிடந்தது.

விதியைத் திருப்பிப் போடச் சொன்னேன்: சொன்னவருக்கு அபராதம் இல்லை, மறைத்தவருக்கு உண்டு. ஒரு வருடம் இழுத்தடித்து ஒத்துக்கொண்டார்கள். நோட்டில் இடம், நேரம், வேகம், திரும்பிய பிறகு உள்ளே தண்ணீர் இருந்ததா என்று நாலு கட்டம் போட்டுக் கொடுத்தேன்.

முதலில் எழுதியது ஒரு கல்லூரிப் பெண். "மாலை 4.10. முகத்துவாரத்துக்கு வடக்கே. மெதுவாக. தண்ணீர் இல்லை." கீழே சின்னதாக, "மன்னிக்கவும்." கிரேன் வைத்துப் படகைத் தூக்கி, டார்ச் அடித்து அரை நாள் பார்த்தோம். கீல் நுனியில் பெயிண்ட் கொஞ்சம் போயிருந்தது, அவ்வளவுதான். மறுநாள் அதே படகை அவளே எடுத்துப் போனாள்.