அசேலியாவுக்கு முட்டை ஓடு போடாதீர்கள்

ஜூன் பிறந்தால் என் நர்சரிக்கு ஒரே மாதிரியான செடிகளாக வர ஆரம்பிக்கும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, நுனி கருகிய இலைகள், உதிரவும் மனமில்லாமல் கிளையிலேயே காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பூக்கள். மே மாத லீவில் கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ போனவர்கள், திரும்பும் வழியில் பூத்துக் குலுங்கியதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிய அசேலியா. இந்த மாதம் மட்டும் பதினோரு செடி. பத்துவரை பொறுமையாகத்தான் பேசினேன். பதினோராவது செடியோடு வந்த டீச்சரிடம் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. குரலுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டேன். சொன்ன விஷயத்தை மட்டும் வாபஸ் வாங்கவில்லை.

டீச்சர் ஓய்வு பெற்றவர், வடசேரிப் பக்கம் வீடு. "மக்ளே, நான் ஒரு குறையும் வைக்கல்ல. பிள்ளை மாதிரி பாத்தேன்" என்றார். எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். வாரம் ஒருமுறை முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டிருக்கிறார். விறகடுப்புச் சாம்பல் ஒரு கை. இலை மஞ்சளானதும், சத்து போதவில்லை என்று யாரோ சொல்ல, இன்னும் இரண்டு கை. தண்ணீர்? ஆர்.ஓ. மெஷினில் கழிவாகப் போகிற தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்து ஊற்றியிருக்கிறார். "வீணாக்கக் கூடாதுல்லா?"

தொட்டி மண்ணில் ஒரு கரண்டி எடுத்துப் பழைய சாஸரில் போட்டு, அரை எலுமிச்சம்பழத்தை அதன்மேல் பிழிந்தேன். சோடா மாதிரி நுரைத்தது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்து பார்த்தார். "இது சுண்ணாம்புல்லா?" என்றார். ஆமாம் டீச்சர், சுண்ணாம்புதான்.

முட்டை ஓடு என்பது ஏறக்குறைய முழுக்கக் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லில் இருப்பதும் அதேதான். விறகுச் சாம்பலும் காரம். நிலத்தடி நீரில் கரைந்திருக்கிற உப்பையும் சுண்ணாம்பையும் பிரித்தெடுத்து ஒரு குழாயில் நல்ல தண்ணீரும் மறு குழாயில் மிச்சமும் விடுவதுதான் ஆர்.ஓ. மெஷினின் வேலை, அந்த மிச்சத்தைத்தான் நாம் பிடித்து ஊற்றுகிறோம். ரோஜாவும் தக்காளியும் இவற்றை ஓரளவு தாங்கிக்கொள்ளும். அசேலியா தாங்காது. அது கேட்பது புளிப்பான மண், பி.எச். அளவில் (எண் குறையக் குறையப் புளிப்பு, ஏற ஏறக் காரம்) 4.5 முதல் 5.5 வரை, மிஞ்சிப்போனால் 6. அதற்குமேல் ஏறினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாது. இலை வெளிறும். வெளிறியதைப் பார்த்து நாம் இன்னொரு முட்டையை உடைப்போம். முடிவு தெரிந்ததுதானே.

"எல்லாச் செடிக்கும் முட்டை ஓடு நல்லது" என்ற பேச்சை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. எல்லாச் செடிக்கும் நல்லது என்று உலகத்தில் ஒரு பொருள் கிடையாது, தண்ணீர் உட்பட. வீடியோவில் சொன்னார்கள் என்கிறீர்கள். அதில் காட்டியது எந்தச் செடி, அவர் வீட்டுத் தண்ணீர் எப்படி, மண் என்ன மண் என்று யாராவது கேட்டீர்களா? இவ்வளவு கோபம் எதற்கென்றால், அசேலியாவுக்கு ஒத்துவருகிற மண் நம் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே இருக்கிறது. குலசேகரம், திருவட்டாறு, அருமனைப் பக்கம் ரப்பர் நிற்கிற செம்மண் இயல்பிலேயே புளிப்பு மண். மலையிலிருந்து வந்த செடிக்குப் பிடித்தமான மண்ணைக் காலடியில் வைத்துக்கொண்டு, தென்னை மூட்டுக்குச் சுண்ணாம்பு போட்ட பழக்கத்தில் இதற்கும் போட்டுக் கெடுக்கிறோம். குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரத்துக்காரர்களுக்கு நிலைமை வேறு. மணலில் சிப்பித் தூள், கிணற்றில் உப்பு. அங்கே அசேலியாவைத் தரையில் நடுவதை மறந்துவிடுங்கள்.

உங்கள் போர் தண்ணீர் எப்படி என்று தெரிய லேபுக்குக்கூடப் போக வேண்டாம். குளியலறைக் குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்து சுரண்ட வேண்டியிருந்தால் அந்தத் தண்ணீர் அசேலியாவுக்கு ஆகாது. மழைத் தண்ணீர் பிடியுங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெறுகிற ஊரில் இருந்துகொண்டு மழைத் தண்ணீர் இல்லை என்று சொல்லாதீர்கள். ஓட்டுக் கூரைத் தண்ணீர் உத்தமம். கான்கிரீட் மாடி என்றால் முதல் மழையைக் கழித்துவிட்டு அடுத்த மழையில் டிரம் வையுங்கள். ஏ.சி.யில் சொட்டும் தண்ணீரையும் தாராளமாக ஊற்றலாம். அதில் உப்பே கிடையாது. அப்புறம், புது சிமெண்ட் தொட்டி வேண்டாம், அதிலிருந்தும் சுண்ணாம்பு கசியும். மதில் ஓரத்தில் பூச்சு வேலை மிச்சம் கொட்டிக் கிடக்கிற இடமும் அப்படித்தான்.

மஞ்சள் எல்லாம் ஒரே மஞ்சள் இல்லை. மண்ணைத் தொடுமுன் இலையைப் பாருங்கள். கொழுந்து இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. அடியிலுள்ள முதிர்ந்த இலை மொத்தமாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. மண் ஈரமாக இருந்தும் இலை துவண்டு தொங்கினால் அனேகமாக வேரழுகல். வாடுகிறதே என்று மேலும் தண்ணீர் ஊற்றுவதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் தப்பு. இலையின் முன்பக்கம் ஊசி குத்திய மாதிரி வெளிர்ப்புள்ளிகள் விழுந்தால் திருப்பிப் பாருங்கள், செஞ்சிலந்தி இருக்கும். முதலில் நாலைந்து நாள் இலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சிப் பாருங்கள். மருந்துக் கடைக்கு அப்புறம் போகலாம்.

இரும்புக் குறைக்கு அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட்) போதும். லிட்டருக்கு 2 கிராம், வெயில் தாழ்ந்த பிறகு இலை நனையத் தெளியுங்கள். அது தற்காலிகம்தான்; மண்ணும் தண்ணீரும் மாறாமல் பச்சை நிலைக்காது. கடையில் செலேட் இரும்பு, அதாவது மண்ணில் முடங்காதபடி வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பு, கொடுத்தால் எந்த வகை என்று லேபிளைப் பாருங்கள். இ.டி.டி.ஏ. என்று போட்டது காரம் ஏறிய மண்ணில் அவ்வளவாகப் பலிக்காது, இ.டி.டி.எச்.ஏ. வகை பலிக்கும். வினிகர், எலுமிச்சைச் சாறு, மோர் ஊற்றுவதெல்லாம் இரண்டு நாள் கூத்து. கந்தகத் தூள் வேலை செய்யும், ஆனால் மாதக்கணக்காகும். படிகாரம் வேண்டவே வேண்டாம். ஹைட்ரேஞ்சியாப் பூவை நீலமாக்கப் படிகாரம் போடுவார்கள். அதைப் பார்த்து இதற்கும் போட்டால் அலுமினியம் அசேலியாவின் வேரைக் கெடுக்கும்.

சரி, இதெல்லாம் திருத்தினால் அடுத்த வருஷம் பூக்குமா? இங்கேதான் வாங்குகிறவர்களிடம் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குளிரும் என்பது கணக்கு. அசேலியா கோடையில் மொட்டு கட்டி, அப்புறம் சில வாரங்கள் பத்து டிகிரிக்கும் கீழான குளிரில் கிடந்துதான் அந்த மொட்டை விரிக்கும். நாகர்கோவிலில் மார்கழி அதிகாலையில்கூட அந்தக் குளிர் வராது. நீங்கள் வாங்கியபோது இருந்த பூ, மலைக்குளிர் பட்டுத் திறந்த பூ. இங்கே வந்தபின் செடி உயிரோடு இருக்கலாம், இலை விடலாம். அதே மாதிரிப் பூக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், கொடுப்பவரையும் நம்பாதீர்கள். "பேரிலேயே இன்டிகா இருக்கே, நம்ம நாட்டுச் செடிதானே" என்று ஒரு தம்பி வாதாடினார். இன்டிகா என்று பெயர் ஒட்டிக்கொண்ட இந்த அசேலியாக்களின் பூர்வீகம் சீனாவும் ஜப்பானும்.

ரோடோடென்ட்ரான் கதை இன்னும் மோசம். தாவரவியல் கணக்கில் அசேலியாவும் ரோடோடென்ட்ரான் பேரினத்தில்தான் சேரும். செடிகளுக்குப் பெயரிட்டு வகைப்படுத்திய லின்னேயஸ் 1753இல் இரண்டையும் தனித்தனியாக வைத்தார், பின்னால் வந்தவர்கள் ஒன்றாக்கிவிட்டார்கள். தோட்டத்தில் நாம் ரோடோடென்ட்ரான் என்பது பெரிய இலையும் கொத்துப் பூவுமாக நிற்கிற வகைகளை. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலை ஓரங்களில் செக்கச்செவேலென்று பூக்கும் காட்டுப்பூவரசு இந்த இனம்தான். பட்டாளத்தில் இருக்கிற ஒருவர் சிக்கிமிலிருந்து ஈரச்சாக்கில் கட்டி, மூன்று ராத்திரி ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்றை என்னிடம் காட்டினார். அவர் முகத்தைப் பார்த்து எனக்கே வார்த்தை வரவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில், காற்றாலை சுற்றுகிற வெளியில் அவர் வீடு. ஆடிக்காற்று ஆரம்பித்தபோது இலை அத்தனையும் அப்பளம். இன்னொருவர் சோலைக்காட்டிலிருந்தே நாற்றைப் பிடுங்கி வந்திருந்தார். அவருக்கு வைத்தியம் சொல்ல மறுத்துவிட்டேன். காட்டுச் செடியைப் பிடுங்குவது குற்றம். போன இடத்தில் பார்த்துவிட்டு வாருங்கள், போட்டோ எடுங்கள், அது போதும்.

ஆன்லைனில் விதை வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீல ரோடோடென்ட்ரான் விதை என்று ஒரு பொட்டலத்தைக் காட்டினார்கள். உள்ளே பயறு அளவு உருண்டைகள். ரோடோடென்ட்ரான் விதை தூசி மாதிரி இருக்கும், தும்மினால் பறந்துவிடும். முளைத்தாலும் பூப் பார்க்கப் பல வருஷம் காத்திருக்க வேண்டும். பாலைவன அசேலியா என்று அடினியத்தை விற்பதும் நடக்கிறது. அடினியம் நல்ல செடி, நம் வெயிலுக்குத் தோது. ஆனால் அசேலியாவுக்குச் சொந்தமே இல்லை. அதை நிழலில் வைத்துத் தினமும் நனைத்தால் தண்டு அழுகும்.

இத்தனைக்கும் பிறகு வளர்த்தே தீருவேன் என்கிறவர்கள் உண்டு. எனக்கும் அந்தப் பிடிவாதம் பிடிக்கும். பாலமோர், மாறாமலைப் பக்கம் எஸ்டேட்டில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு, முயன்று பாருங்கள். கீழே இருப்பவர்கள் தொட்டியில் வையுங்கள். ஆழமான தொட்டி வேண்டாம். இதன் வேர் தலைமுடி மாதிரி மெல்லிசு, மேலாகவே படரும். அதனால் கொத்திக் கிளறவும் கூடாது. பாதிக்குப் பாதி மக்கிய இலையும் தேங்காய்த்தும்புத் தூளும், கொஞ்சம் ரப்பர் விளைச் செம்மண். கடலோரத்தில் உப்புத் தண்ணீரில் கதம்பையை (தேங்காய் உரித்த மட்டையை) ஊறப்போட்டு அடித்த தும்பின் தூள் என்றால் நாலைந்து தடவை நல்ல தண்ணீரில் அலசாமல் தொடாதீர்கள். வேர்க்கட்டி மண் மட்டத்துக்கு ஒரு விரல் உயரமாகவே நிற்கட்டும், புதைக்க வேண்டாம். மேலே சவுக்கு இலை பரப்புங்கள். காலை வெயில் பத்து மணி வரை படலாம், அதன்பிறகு பிலாமர நிழல். உரம் கொஞ்சமாக அம்மோனியம் சல்பேட், அதுவும் செடி தேறிய பிறகு. கிளை வெட்டுவதாக இருந்தால் பூ முடிந்த உடனே; தள்ளிப்போட்டால் அடுத்த மொட்டைத்தான் வெட்டுவீர்கள்.

ஆடு வளர்க்கிற வீட்டுக்காரர்களே, இதைக் கவனமாகப் படியுங்கள். இந்த இனத்தின் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. கிரயானோடாக்சின் என்று பெயர். பட்டுப்போன செடியை மதிலுக்கு வெளியே வீசிவிட்டார் ஒருவர். அடுத்த வீட்டு ஆடு அதைக் கடித்துவிட்டு, சாயந்தரம் வாயில் நுரை தள்ளி, நிற்க முடியாமல் வாந்தி எடுத்தது. ஆடு வாந்தி எடுப்பது அபூர்வம். எடுத்தால் கால்நடை மருத்துவருக்கு முதலில் தோன்றும் சந்தேகங்களில் இதுவும் ஒன்று. அந்த ஆடு பிழைத்தது. காய்ந்த இலையிலும் நஞ்சு போவதில்லை, ஆகவே குப்பையில் போடாமல் குழி தோண்டிப் புதையுங்கள். நாய்க்கும், எதையும் வாயில் வைக்கிற குழந்தைக்கும் எட்டாத உயரத்தில் தொட்டியை வையுங்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். தேனீ வளர்ப்பவர்கள் பயப்பட வேண்டாம். நேபாளத்திலும் துருக்கியிலும் மயக்கும் தேன் கிடைப்பது மலைமலையாக இந்தப் பூ பூப்பதால். நம் மார்த்தாண்டத்துப் பெட்டிக்குள் போவது பெரும்பாலும் ரப்பர் இலைக்காம்பில் ஊறும் தேன்தான்.

கொத்துக் கொத்தாகச் சிவப்பாகப் பூக்கணும், அவ்வளவுதானே ஆசை? தெச்சி வையுங்கள். இட்லிப்பூ என்றும் சொல்வோம். அதுவும் புளிப்பு மண் கேட்கிற செடிதான், ஆனால் நம் வெயிலில் வருஷம் முழுக்கப் பூக்கும். அதற்கும் முட்டை ஓடு வேண்டாம்.

டீச்சரின் செடியை மண் மாற்றி, பின்பக்க வலை நிழலில் வைத்திருக்கிறேன். நேற்றுப் பார்த்தபோது ஒரு கணுவில் பச்சை தெரிந்தது. இன்னும் மூன்று வாரம் கழியாமல் எதுவும் சொல்ல முடியாது. செடி காட்ட வருகிறவர்கள் தொட்டி மண் ஒரு பிடியும், ஊற்றுகிற தண்ணீர் ஒரு பாட்டிலும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ மட்டும் அனுப்பினால் நான் என்னத்தைச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை லீவு.